களத்தில் ஓடும் சிறு கார்கள்

பந்தயம் என்பது நம் கம்பம் பள்ளத்தாக்கிற்குப் புதியதன்று. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் சாலையின் இருமருங்கும் கூட்டம் நிற்கும். தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று காளைகளின் வளர்த்தியைப் பொறுத்துப் பிரிவுகள் வைத்து ஓட்டுவார்கள். கன்றோடு கன்றும், காளையோடு காளையும்தான் போட்டியிட வேண்டும் என்பது அதன் நியாயம். இந்த நியாயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்லப் போகும் பந்தயத்திலும் இதுவே முதல் விதி.

ரிமோட் கார் என்று நாம் அழைக்கும் சிறு காரை வானொலி அலைகளால் இயக்கிப் பந்தயம் விடுவது உலகின் பல நாடுகளில் பெரியவர்களும் சிறியவர்களும் ஆடும் ஓர் ஆட்டம். கம்பியில்லாமல் ஒரு பொருளைத் தொலைவிலிருந்து இயக்க முடியும் என்பதை நிக்கோலா டெஸ்லா 1898ல் நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை நீரில் ஓட்டிக் காட்டி மெய்ப்பித்தார். பார்த்தவர்களில் சிலர் படகுக்குள் குரங்கு ஒளிந்திருக்கிறதோ என்று கூட ஐயுற்றனராம்! 1966ல் இத்தாலியில் எல்ஜி என்ற நிறுவனம் பெராரி காரின் உருவில் வானொலிக் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1976ல் ஜப்பானின் டாமியா நிறுவனம் போர்ஷே காரைச் சிறு உருவில் வெளியிட்டதும் இவ்வாட்டம் வேகமாகப் பரவியது.

இவ்வளவு நல்ல ஆட்டம் ஏன் நம் ஊர்ப் பக்கம் வரவில்லை? விலைதான் காரணம். பந்தயத்திற்கென்றே செய்யப்பட்ட கார் பல ஆயிரம் ரூபாய் ஆகும். எங்கள் தோழியரில் பலருடைய பெற்றோர் மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிலும், கீழே திராட்சை, வாழைத் தோட்டங்களிலும் கூலி வேலை செய்கிறவர்கள். "பொம்மைக்கா இவ்வளவு?" என்று அவர்கள் கேட்டால் அந்தக் கேள்வியில் தவறு ஒன்றுமில்லை. ஆகையால் எவ்வளவு குறைந்த செலவில், எதையும் வீணாக்காமல் இதைத் தொடங்கலாம் என்று அறிவியல் மன்றத்தில் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறோம்.

செலவைக் குறைத்துப் பந்தயம் நடத்துவதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றிருந்த காலத்தில், மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அவை 1980களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்ற பெயரில் ஓடத் தொடங்கின. எல்லோருக்கும் ஒரே இயந்திரம். எனவே பணப்பை பெரிதானவர் வெல்வதில்லை, ஓட்டத் தெரிந்தவர் வெல்வார். அந்தக் கார்களில் தொடக்க காலத்தில் ஓட்டியவர்களில் ஒருவரான நாராயண் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி நம் காருக்கு வருவோம். வீரபாண்டித் திருவிழாவிலும் இராயப்பன்பட்டித் திருவிழாவிலும் கடை விரித்து விற்கும் ரிமோட் கார்களை எல்லோரும் பார்த்திருப்போம். விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. பொத்தானை அழுத்தினால் சக்கரம் முழுவதும் இடப்பக்கம் திரும்பும், அல்லது முழுவதும் வலப்பக்கம் திரும்பும், நடுவில் ஒன்றுமில்லை. வேகமும் அப்படியே: ஓட்டம், அல்லது நிறுத்தம். மேகமலைச் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பேருந்தின் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒவ்வொரு வளைவிலும் ஒடித்து ஒடித்துத் திருப்பினால் நம் கதி என்னவாகும்! பந்தயக் கார் அப்படியன்று. விரல் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவுதான் சக்கரம் திரும்பும். இரண்டாவது வேற்றுமை, உதிரி பாகம். திருவிழாக் காரில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் கார் குப்பைக்குப் போகும். பந்தயக் காரிலோ ஒவ்வொரு திருகும் தனியே கிடைக்கும். டாமியாவின் கிராஸ்ஹாப்பர் என்ற கார் 1984ல் வந்தது. அதையே 2005ல் மறுபடியும் வெளியிட்டார்கள். எனவே, வாரம் ஒன்றில் உடையும் 500 ரூபாய்க் காரை ஆண்டுக்கு நான்கு வாங்குவதுதான் உண்மையில் அதிகச் செலவு என்பது எங்கள் கருத்து.

ஆனாலும் உடைந்த பொம்மைக் காரை எறிந்துவிட வேண்டாம்! பெரும்பாலும் பழுதாவது அதன் மின்சுற்றுதான். சக்கரங்கள், அச்சு, மோட்டார், பல்சக்கரப் பெட்டி ஆகியவை நன்றாகவே இருக்கும். அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டால் பரண்மேல் கிடப்பதைத் தருவார்கள். அந்த உடலுக்குப் புதிய மூளை வைப்பதுதான் நம் வேலை.

மூளை என்று நாம் சொல்வது இதுதான். ஆர்டுயினோ நானோ எனப்படும் சிறு கட்டளைப் பலகைகள் இரண்டு, ஒன்று கையில் பிடிக்கும் பெட்டிக்கு, மற்றது காருக்கு. என்ஆர்எஃப்24 என்ற வானொலிச் சில்லுகள் இரண்டு. விரலால் அசைக்கும் ஜாய்ஸ்டிக் ஒன்று. முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு சிறிய சர்வோ மோட்டார். ஓடும் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்க எல்298 என்ற பலகை. இவற்றோடு பேட்டரி, கம்பி, பலகைத் துண்டு எல்லாம் சேர்த்து 1,500 முதல் 2,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். இதுவும் ஒரு தோட்டத் தொழிலாளியின் பல நாள் கூலி என்பதை நாங்கள் மறக்கவில்லை. அதனால்தான் ஒருவருக்கு ஒரு கார் என்று எண்ணாமல் ஐந்து அல்லது ஆறு பேருக்கு ஒரு கார் என்று வைத்துக் கொள்ளச் சொல்கிறோம். ஒருத்தி ஓட்டுவாள், ஒருத்தி பழுது பார்ப்பாள், ஒருத்தி கட்டளை எழுதுவாள், ஒருத்தி சுற்று எண்ணுவாள். மறுவாரம் மாறிக் கொள்ளலாம்.

இது வேலை செய்யும் விதம் கேட்க இனிமையானது. விரல் ஜாய்ஸ்டிக்கை அசைத்ததும் அந்த அசைவு ஓர் எண்ணாக மாறுகிறது. அந்த எண் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஏறிக் காருக்குப் போகிறது. அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ., அதாவது நம் கையில் ஒரு சாணுக்கும் குறைவு. முற்காலத்துக் கார்கள் 27 மெகாஹெர்ட்ஸில் ஓடின. அந்த அலையின் நீளம் 11 மீட்டர்! அதனால்தான் அவற்றில் நீண்ட ஆன்டெனாக் கம்பி ஆடிக்கொண்டே போகும். அக்காலத்தில் இருவர் ஒரே அலைவரிசையில் ஓட்டினால் இவள் திருப்ப அவள் கார் திரும்பும். இன்று ஒவ்வொரு காருக்கும் தனி முகவரி எண் கொடுத்துவிடலாம் ஆதலால் அந்தத் தொல்லை இல்லை. நம் நாட்டில் இந்த அலைவரிசையில் குறைந்த சக்தியில் ஒலிபரப்ப உரிமம் வாங்கத் தேவையில்லை. கார் அந்த எண்ணைப் பெற்றதும் சர்வோவுக்கு வினாடிக்கு 50 துடிப்புகளை அனுப்பும். துடிப்பின் நீளம் 1.5 மில்லிவினாடி என்றால் சக்கரம் நேராக நிற்கும். 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம். அரை மில்லிவினாடி வேற்றுமையில் ஒரு கார் வளைவைக் கடக்கிறது!

இரண்டு எச்சரிக்கைகள். வானொலிச் சில்லுக்கு 3.3 வோல்ட் மட்டுமே கொடுக்க வேண்டும். 5 வோல்ட் முனையில் மாட்டினால் அது கெட்டுப் போகும். அதன் மின்முனைகளுக்குக் குறுக்கே 10 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால் தொடர்பு விட்டு விட்டு வருவது பெரும்பாலும் நிற்கும். அடுத்து, தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி கட்டளையில் எழுதியே ஆக வேண்டும். அடிவாரம் நோக்கி ஓடும் காரை வாயால் கூப்பிட்டு நிறுத்த முடியாது.

பேட்டரியைப் பற்றிப் பெற்றோரும் அருட்சகோதரிகளும் கவனிக்க வேண்டுகிறோம். விரைவுக் கார்களில் லித்தியம் பாலிமர் பேட்டரி போடுகிறார்கள். எடை குறைவு, ஆற்றல் மிகுதி. ஆனால் அளவுக்கு மீறி மின்னேற்றினாலும், நசுங்கினாலும் தீப்பிடிக்கக் கூடியது. லயன் வீட்டில் கட்டில்மேல் வைத்து இரவெல்லாம் மின்னேற்றத் தக்கதன்று. தொடக்கக்காரர்களுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களே போதும். கடிகாரத்தில் போடும் செல் போலவே இருக்கும். பலநூறு முறை மின்னேற்றலாம். ஒரு செல் 1.2 வோல்ட், ஆறு சேர்த்தால் 7.2 வோல்ட். எல்298 பலகை தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிவிடும். மீதி 5 வோல்ட் சொச்சம் மோட்டாருக்குப் போகும். சிறு மோட்டாருக்கு அது பொருத்தமான அளவே. இவற்றையும் கண்முன் வைத்தே மின்னேற்ற வேண்டும்.

பொம்மைக் கார் கிடைக்காதவர்கள் கடையில் விற்கும் மஞ்சள் நிறப் பல்சக்கர மோட்டாரை வாங்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். அது 6 வோல்ட்டில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 முறை சுற்றும். அதோடு வரும் சக்கரத்தின் விட்டம் 6.5 செ.மீ.; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. நகரும். நிமிடத்திற்கு 40 மீட்டர், மணிக்கு 2.4 கிலோமீட்டர். நாம் நடக்கும் வேகத்தில் பாதிதான்! சிரிக்க வேண்டாம். எல்லோருக்கும் அதே மோட்டார் என்றால் அதுவும் பந்தயமே. இந்த வகைக்குத் தட்டான்சிட்டு என்றும், பொம்மைக் காரைத் திருத்தியதற்குப் பூஞ்சிட்டு என்றும், கடையில் வாங்கும் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பந்தயக் காருக்குப் பெரியமாடு என்றும் நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். மூன்றையும் கலந்து ஓட்டக் கூடாது.

தளம் எங்கே? சாலையில் கூடவே கூடாது. தேயிலைச் செடிகளுக்கு இடையிலும் வேண்டாம். செடி மறைத்தால் கண்ணும் எட்டாது, அலையும் குன்றும். மேலும் மேகமலை 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. யானையும் காட்டு மாடும் நடமாடும் இடத்தில் விளையாட்டுக்கு இடமில்லை. கீழே பள்ளத்தாக்கில் நெல் காயப்போடும் சிமெண்ட் களங்கள் உண்டு. முதல் போகம் அறுத்து முடிந்து, அடுத்த போகம் விளையும் வரை அவை சும்மா கிடக்கும். அதைவிடச் சிறந்த பந்தயத் தளத்தைப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது! களத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, முடிந்ததும் கூட்டிப் பெருக்கிக் கொடுக்க வேண்டும். வளைவுகளை அமைக்க, தோட்டங்களில் கழித்துப் போட்ட சொட்டுநீர்க் குழாய்களே போதும். கார் மோதினாலும் உடையாது. ஆடிக்காற்று வீசும் மாதங்களில் மாலையைவிடக் காலையே நல்லது. தூறல் விழுந்தால் காரை எடுத்துவிட வேண்டும். சுற்று நனைந்தால் அத்தனை உழைப்பும் பாழ்.

ஓட்டுவதில் புதியவர்களைத் திகைக்க வைப்பது ஒன்று உண்டு. கார் நம்மைவிட்டு விலகிப் போகும்போது இடம் இடமாகவே இருக்கும். திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும். பலரும் முதல் நாள் இங்கேதான் சுவரில் மோதுகிறார்கள். காருக்குள்ளே நாமே உட்கார்ந்திருப்பதாக எண்ணிக் கொண்டு எட்டுப் போட்டுப் பழக வேண்டும். மிதிவண்டி பழகியது போல, சில நாளில் எண்ணாமலே கை வேலை செய்யும். அடுத்தது வளைவு. வேகம் இரு மடங்கானால், அதே வளைவில் காரைப் பிடித்து நிறுத்த டயருக்கும் தரைக்கும் இடையே வேண்டிய பிடிமானம் நான்கு மடங்காகும். அது கிடைக்காதபோது கார் வெளியே சறுக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவின் உட்பக்கத்தைத் தொட்டு, நேரானதும் வேகத்தைக் கூட்ட வேண்டும். இதில் உடல் வலிமைக்கு வேலையே இல்லை. கண்ணும் விரலும் பொறுமையும்தான் வேண்டும். சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா பெரிய பைக்கிலும் காரிலுமே ஆண்களோடு சேர்ந்து பந்தயம் ஓட்டியிருக்கிறார். "பெண் பிள்ளைக்கு எதற்குக் கார்?" என்று கேட்கும் தாத்தாமார்களுக்கு இதைச் சொல்லலாம்.

பந்தய முறை எளிது. முதலில் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் ஓட்டி எத்தனை சுற்று வந்தது என்று எண்ண வேண்டும். அதிகச் சுற்று வந்தவர்கள் ஒரு குழு, அடுத்தவர்கள் அடுத்த குழு என்று பிரித்து இறுதிப் போட்டி நடத்தலாம். இவ்வாறு செய்தால் புதியவளும் தன் தரத்தவரோடு போட்டியிட்டு ஒரு பரிசு வாங்க முடியும். ஓட்டுபவர்கள் ஒரு மேடையிலோ திண்ணையிலோ நின்று கொள்ள வேண்டும். களத்திற்குள் இறங்கக் கூடாது. கவிழ்ந்த காரை நிமிர்த்தி விடுவதற்கு ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தி நிற்பாள். இதற்கு உலகமெங்கும் ஒரே வழக்கம்: ஒரு சுற்றில் ஓட்டியவர்கள் அடுத்த சுற்றில் வளைவில் நின்று மற்றவர்களின் காரைத் தூக்கிவிட வேண்டும். முதல் பரிசு பெற்றவளுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. அப்படி நிற்கிறவர்கள் தாவணியையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகி, பின்னலை மடித்துக் கட்டிக் கொள்ள வேண்டும். சுழலும் பல்சக்கரத்தில் மாட்டிக் கொண்டால் தொல்லை. வருகிற காரைப் பார்த்த பிறகே கீழே குனிய வேண்டும்.