நக அலங்காரத்தில் புதிய திறன்: எப்போ கத்துக்கலாம், எப்போ காத்திருக்கலாம்?

சைனாடவுனில் உள்ள பீப்பள்ஸ் பார்க் கடைத்தொகுதிக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள்.

1970களில் எழுந்த அந்தக் கட்டடத்தில் பயண முகவர்கள், உடம்புப்பிடி நிலையங்கள், நடுவே சின்னச் சின்ன நகப் பராமரிப்புக் கடைகள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு விளக்கு. பல இடங்களில் கடை என்றால் அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் கைப்பேசியை நீட்டுவார். "இது மாதிரி பண்ண முடியுமா?"

தெரியாது என்றால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடலாம். தெரியாமலே செய்தால் அவருடைய நகம் பாழாகலாம். அதற்காக ஒவ்வொரு புதுப் பாணிக்கும் ஒரு வகுப்பு என்று சேர்ந்தால் சம்பாதித்த பணம் கட்டணத்துக்கே போய்விடும்.

நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கிறீர்களா? பகுதிநேரமாகத் தொடங்க நினைக்கிறீர்களா? முடிவெடுக்க உதவும் சில கேள்விகள் இதோ.

அது புது டிசைனா, புது முறையா?

இரண்டும் ஒன்றல்ல.

பூ வரைவது, பளிங்கு போன்ற தோற்றம், கண்ணாடிப் பளபளப்பு எல்லாம் டிசைன். பிளாஸ்டிக் பயிற்சி நகங்களை வாங்கி வீட்டிலேயே பழகலாம். பெரும்பாலும் வகுப்பு தேவைப்படாது.

அக்ரிலிக், நகத்தை வலுவாக்கும் பில்டர் ஜெல், முழு நகத்தையும் மூடும் ஜெல் நீட்டிப்பு, மின்கருவி கொண்டு நகத்தோலைச் சுத்தம் செய்யும் 'ரஷ்ய மெனிக்கியூர்' ஆகியவை முறைகள். இவற்றில் வேதிப்பொருளும் கருவியும் மாறுகின்றன. தவறினால் நகமோ தோலோ காயப்படும். இதைக் காணொளி பார்த்து மட்டும் கற்கக்கூடாது. நேரில் ஒருவர் உங்கள் கையைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

உண்மையில் கேட்பது யார்?

இன்ஸ்டகிராமில் எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்கும் உங்கள் வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஒரு மாதம் குறித்து வையுங்கள். எதைக் கேட்டார்கள், எத்தனை பேர், இல்லை என்றதும் திரும்பிப் போனார்களா? ஒரே சேவையை வாரத்துக்கு மூன்று, நான்கு பேர் கேட்டால் யோசிக்கலாம். மாதத்துக்கு ஒருவர் என்றால் அவசரமில்லை.

இப்போ செய்வது ஒழுங்கா நிற்குதா?

நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அதனால்தான் ஜெல் போட்டவர்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் திரும்பி வருகிறார்கள்.

ஒரே வாரத்தில் "பிரிஞ்சு வந்துடுச்சு" என்று வந்தால்? நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைச் சரியாக நீக்காதது, எண்ணெய்ப்பசை, ஜெல்லைத் தடிமனாகப் பூசியது, விளக்கில் போதிய நேரம் காயவைக்காதது ஆகியவை பொதுவான காரணங்கள்.

இந்தக் குறை இருக்கும்போது விலை கூடிய நீட்டிப்பைக் கற்றாலும் அதுவும் பிரியும். முதலில் அடிப்படையைச் சரிசெய்யுங்கள். அதுவும் ஒரு திறன்தான்.

போட்ட பணம் எப்போ திரும்பும்?

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு 600 வெள்ளி, பொருள்களுக்கு 300 வெள்ளி. மொத்தம் 900. புதிய சேவையால் ஒருவரிடம் கூடுதலாக 15 வெள்ளி கிடைக்கிறது. அப்படியென்றால் முதலை மீட்க 60 பேர் வேண்டும். வாரம் நான்கு பேர் என்றால் 15 வாரம்.

நேரத்தையும் சேருங்கள். தொடக்கத்தில் ஒன்றரை மணிநேர வேலைக்கு மூன்று மணிநேரம் ஆகலாம். அந்நேரத்தில் பார்த்திருக்கக்கூடிய இன்னொருவரின் கட்டணமும் உங்கள் செலவுதான்.

பணம் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றால் ஒத்திப்போடலாம். அதற்குள் பாணியே மாறிவிடலாம்.

நாள்காட்டி என்ன சொல்கிறது?

சைனாடவுனில் சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்கு முன்பு மருதாணி போடும் கைகளுக்கும் அதே நிலைதான். புது முறையை அப்போது பழகிப் பார்க்கக்கூடாது. கூட்டம் குறைந்த மாதங்களில் கற்று, நண்பர்கள் கையில் பழகி, பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே கட்டணம் வாங்கத் தயாராகிவிட வேண்டும்.

உடம்பு தாங்குமா?

இதைப் பலர் கேட்பதே இல்லை.

ஜெல், அக்ரிலிக் இரண்டிலும் அக்ரிலேட் வகை வேதிப்பொருள்கள் உண்டு. காயாத ஜெல் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். பல் மருத்துவத்திலும் இதே வகைப் பொருள்கள் பயன்படுவதால் அங்கும் சிக்கல் வரலாம். 2018இல் பிரிட்டனின் தோல் மருத்துவர்கள் சங்கம் இதுகுறித்து எச்சரித்தது.

விதிமுறைகளும் மாறுகின்றன. சில ஜெல்களில் இருந்த டிபிஓ எனும் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடைசெய்தது.

ஆகவே வகுப்பில் சேருமுன் கேளுங்கள்: பொருள்களின் பாதுகாப்பைச் சொல்லித் தருவீர்களா? கையுறை, காற்றோட்டம், விளக்குக்கு ஏற்ற ஜெல் பற்றி இருக்கிறதா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

விரல் நுனியில் ஏற்கெனவே அரிப்பு, வெடிப்பு இருந்தால் வகுப்புக்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கட்டணத்துக்கு உதவி உண்டா?

25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2016இலிருந்து 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதி தரப்படுகிறது. 40 வயதைத் தொட்டவர்களுக்கு 2024 மே மாதம் முதல் கூடுதலாக 4,000 வெள்ளி. ஆனால் அது தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டும்.

எல்லா நக அலங்கார வகுப்பும் இதில் அடங்காது. பணம் கட்டுவதற்கு முன் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வீட்டிலிருந்தே செய்யலாமா?

வீவக வீட்டில் சிறிய அளவில் செய்யலாம். அந்த வீட்டில் வசிப்பவர்தான் செய்ய வேண்டும், வெளியே விளம்பரப் பலகை கூடாது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கூடாது. மூடிய அறையில் ஜெல்லைத் தேய்த்தெடுக்கும்போது பறக்கும் தூசு வீட்டில் உள்ள பிள்ளைகளையும் சேரும். அதையும் யோசியுங்கள்.

சுருக்கமாக...

வாடிக்கையாளர் கேட்கிறார், அடிப்படை உறுதியாக இருக்கிறது, கணக்கு ஒத்துவருகிறது, பழக நேரம் இருக்கிறது, கை ஆரோக்கியமாக இருக்கிறது. ஐந்துக்கும் 'ஆமாம்' என்றால் சேர்ந்துவிடுங்கள்.

ஒன்றுக்கு 'இல்லை' என்றால், அடுத்த முறை கைப்பேசியை நீட்டுபவரிடம் தயங்காமல் சொல்லலாம்: "இப்போ எனக்கு அது வராது. வேற என்ன நல்லா பண்ணுவேன்னு காட்டட்டுமா?"