லேத்தின் டிஜிட்டல் ஸ்கேலில் எண்கள் ஏன் துள்ளுகின்றன?

லேத்தில் கையே வைக்கவில்லை. ஸ்கேல் திரையில் எண்கள் மட்டும் ஓடுகின்றன. பார்த்திருக்கிறீர்களா?

விலை குறைந்த ஸ்கேல்களில், ஸ்டிக்கருக்கு அடியில் வரிசையாகச் செப்புப் பட்டைகள் இருக்கும். மேலே நகரும் தலைப்பகுதி அவற்றைத் தொடாமலே, மின்னேற்றம் மாறுவதை வைத்து எண்ணிக்கொண்டே போகிறது. இருட்டில் படி எண்ணி இறங்குவது போலத்தான்: ஒன்று தவறினால், அதற்குப் பின் எல்லாமே தப்பு.

அந்த மயிரிழை இடைவெளியில் கூலன்ட் புகுந்தால் கணக்கு குழம்பும். முதலில் துடைத்துக் காயவிடுங்கள்.

அடுத்து பேட்டரி. 1.5 வோல்ட் பட்டன் செல் இறங்கினால் எண்கள் விட்டுவிட்டு மின்னும். கடையில் எல்ஆர்44-க்குப் பதில் எஸ்ஆர்44 கேளுங்கள். அளவு ஒன்றுதான், வோல்டேஜ் கடைசிவரை சீராக நிற்கும். கூடுதல் விலை தகும்.

மோட்டார் ஓடும்போது மட்டும் துள்ளுகிறதா? மோட்டாரின் மின் இரைச்சல் உள்ளே நுழைகிறது. எர்த் சரியா என்று பாருங்கள். ஸ்கேல் கேபிளை மோட்டார் ஒயரிலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.