மெனிக் பாமில் செங்கண்மாரி ஏன் பரவியது?

2009இல் போரால் இடம்பெயர்ந்த கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனங்களை அடைத்து வைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் செங்கண்மாரி பரவியது. ஹெபடைடிஸ் ஏ வைரசுதான் காரணம். நோயாளியின் மலத்திலிருந்து கையிலும் தண்ணீரிலும் ஏறி அடுத்தவர் வாய்க்குப் போகும். கண் மஞ்சளாவதற்கு இரண்டு கிழமை முன்பிருந்தே அது வெளியேறும். சிறுபிள்ளைகளுக்கோ பெரும்பாலும் மஞ்சளே தெரியாது. ஆகவே நோயாளியைப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது.

முகாமிலோ நெருக்கமான கூடாரம், மலசலகூடத்துக்கு வரிசை, அளந்து கிடைக்கும் தண்ணீர். குடிக்கவே காணாத இடத்தில் கைகழுவ எது மிச்சம்? நோய் பரவியதற்குச் சனங்களின் சுத்தக்குறைவே காரணம் என்பது அநியாயம்.

முகாமுக்கு வெளியிலும் தண்ணீர் கெட்டால் இந்த நோய் வரலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவில் 2018 மார்கழியில் வந்த வெள்ளம்போல் ஒன்றில் கிணறு மூழ்கினால் இறைத்து, குளோரின் போடுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறிய பிறகே குடியுங்கள்.