துறைமுகத்தில் ஓர் இரவு

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ராஸ்தா பேட் அன்பர் ஒருவர் வண்ணப் படங்கள் போட்ட கப்பல் சுற்றுலாத் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். "சார், நாங்க பத்துப் பேர் சேர்ந்து போகலாம்னு இருக்கோம். எல்லாரும் ரிட்டையர் ஆனவங்க. நீங்க போயிட்டு வந்தவராச்சே, எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். சாப்பாடு, நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம் எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன. கப்பல் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது மட்டும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. "முதலில் இதைப் படியுங்கள்" என்று அந்த இடத்தில் விரலை வைத்தேன். அவரிடம் சொன்ன காரணத்தையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துச் செலவு செய்யும் நம்மைப் போன்றவர்களுக்குப் பயன்படலாம்.

நான் செய்த தவறு

டிப்ளமா முடித்து 1979-ல் ரயில்வேயில் சேர்ந்தவன் நான். 2018-ல் ஓய்வு பெறும் வரை கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை. என் மாமனாரும் ரயில்வேக்காரர்தான். கோவாவில் வாஸ்கோட காமா ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் காலத்தில் பல வருடம் இருந்தார். என் மனைவி பதினான்கு வயது வரை அங்கேதான் வளர்ந்தாள். ஆவணி பிறக்கும் சமயத்தில் வாஸ்கோ தாமோதர் கோயிலில் இருபத்துநாலு மணி நேரமும் நிற்காமல் நடக்கும் பஜனை சப்தாகத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுவாள். சாயங்கால வேளைகளில் அவளுடைய அப்பா பிள்ளைகளைத் துறைமுகப் பக்கம் கூட்டிப்போய், நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகளை எண்ணச் சொல்வாராம். "விளக்கு வைக்கிற நேரத்துல அந்தக் கோயில்ல ஒரு தடவை நிக்கணும். அப்புறம் கப்பல் விளக்கைப் பாக்கணும்" என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

2019 டிசம்பரில் மும்பையிலிருந்து கோவாவுக்குப் போய்வரும் கப்பல் ஒன்றில் டிக்கெட் எடுத்தேன். தாளில் "மூன்று இரவு, கோவா" என்று இருந்தது. மூன்று இரவில் ஓர் இரவாவது கோவாவில் நிற்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கப்பல் மர்மகோவா துறைமுகத்துக்குக் காலையில் வந்தது. சோதனைகள் முடிந்து நாங்கள் இறங்கி, வண்டி பிடித்து வாஸ்கோ போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கோயிலை வெளியிலிருந்து பார்த்துக் கும்பிட்டோம். ஐந்து மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்று திரும்பி ஓடிவந்தோம். இருட்டத் தொடங்கியபோது கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி, வாஸ்கோவின் விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி, "வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ளே போகாம திரும்பறோம்ங்க" என்றாள்.

கப்பல்காரர்கள் மேல் குற்றம் இல்லை. நேரம் அச்சிலேயே இருந்தது. முப்பத்தொன்பது வருடம் டைம்டேபிளோடு வாழ்ந்த நான்தான் அதைப் படிக்கவில்லை.

கப்பல் ஏன் இரவில் கிளம்பிவிடுகிறது?

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சுற்றுலாக் கப்பல்களின் தாய்வீடு என்று சொல்லத்தக்க கரீபியன் கடலிலும் இதே வழக்கம்தான். அமெரிக்காவின் மயாமியிலிருந்து ஒரு வாரம் சுற்றும் கப்பல், மூன்று நான்கு தீவுகளைத் தொடும். காலையில் வரும், மாலையில் கிளம்பிவிடும். இரவு தங்குவது விதிவிலக்கு. காரணங்கள் நான்கு.

முதலாவது, தூரமும் வேகமும். மும்பையிலிருந்து மர்மகோவா சுமார் 230 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். மாலை 6 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 8 மணிக்குச் சேர 14 மணி நேரம் இருக்கிறது. மணிக்குச் சுமார் 16 கடல் மைல் வேகம் போதும். அதே கப்பல் நள்ளிரவு வரை மும்பையில் நின்றுவிட்டு அதே 8 மணிக்குச் சேர வேண்டுமானால், மணிக்கு 28 கடல் மைலுக்கு மேல் போக வேண்டும். சாதாரணச் சுற்றுலாக் கப்பல்களால் அது முடியாது. முடிந்தாலும் கட்டுப்படியாகாது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதற்குத் தேவைப்படும் எஞ்சின் சக்தி, ஏறக்குறைய வேகத்தின் முப்படியாக ஏறும். வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் சக்தி சுமார் 70 சதவீதம் கூட வேண்டும். ஆகவே இரவு முழுக்க நிதானமாக ஓடுவதுதான் எண்ணெய்க்குச் சிக்கனம்.

நம் ரயிலிலும் இதே தத்துவம்தான். 1982-ல் தொடங்கிய பேலஸ் ஆன் வீல்ஸ், 2004-ல் நம் மகாராஷ்டிரத்தில் தொடங்கிய டெக்கான் ஒடிசி ஆகிய சொகுசு வண்டிகளும் பெரும்பாலும் இரவில் ஓடிப் பகலில் ஊர் காட்டுபவை. பயணி தூங்கும் நேரத்தில் தூரம் கழிந்துவிடுகிறது.

இரண்டாவது, துறைமுகக் கட்டணம். நின்ற வண்டி சம்பாதிக்காது என்று ரயில்வேயில் சொல்வோம். நின்ற கப்பல் சம்பாதிக்காதது மட்டும் இல்லை, வாடகையும் கொடுக்கும். 2020 ஆகஸ்டில் நம் மத்திய அரசு சுற்றுலாக் கப்பல்களுக்குச் சலுகைக் கட்டணம் அறிவித்தது. முதல் 12 மணி நேரத்துக்கு, கப்பலின் மொத்த டன்னேஜில் டன் ஒன்றுக்கு 0.085 டாலர். முன்பு அது 0.35 டாலராக இருந்தது. பயணி ஒருவருக்கு 5 டாலர் தனி. 12 மணி நேரத்தைத் தாண்டினால் பெர்த் வாடகை வேறு உண்டு, அதில் 40 சதவீதத் தள்ளுபடி. இங்கே டன்னேஜ் என்பது எடை அல்ல, கப்பலின் உள் கொள்ளளவைக் குறிக்கும் கணக்கு. 48,563 டன்னேஜ் உள்ள ஒரு கப்பலுக்கு முதல் 12 மணி நேரத்துக்கு மட்டும் சுமார் 4,100 டாலர் ஆகிறது. காலை 8 மணிக்கு வந்த கப்பல் இரவு 8 மணிக்குள் கிளம்பப் பார்ப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

மூன்றாவது, கப்பலுக்குள் நடக்கும் வியாபாரம். சூதாட்டக் கூடமும் தீர்வையில்லாக் கடைகளும், பெரும்பாலான நாடுகளில், கப்பல் கரையை விட்டு வெளிக்கடலுக்குப் போன பிறகுதான் திறக்கலாம். துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு இரவும் அந்த வருமானம் போச்சு. பயணிகளும் கரையில் சாப்பிட்டுக் கரையிலேயே செலவழிப்பார்கள்.

நான்காவது, நின்றாலும் செலவு ஓயாது. விளக்கு, ஏ.சி., சமையல்கட்டு, குளிர்பதன அறை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் வசதி இல்லாத இடத்தில் கப்பலின் ஜெனரேட்டர் இரவு முழுக்க ஓடியாக வேண்டும். ராஜதானி வண்டிகளில் இரண்டு பக்கமும் பவர் கார் கோத்து ஓட்டிய காலத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டி ஸ்டேஷனில் நின்றாலும் பவர் காரில் டீசல் எரிந்துகொண்டேதான் இருந்தது.

தங்கும் கப்பல்களும் உண்டு

இத்தனை இருந்தும் சில ஊர்களில் கப்பல்கள் இரவு தங்குகின்றன. ஊரின் சிறப்பே மாலைக்கு மேல்தான் என்றாலோ, பார்க்க வேண்டிய இடம் துறைமுகத்திலிருந்து வெகு தூரம் என்றாலோ தங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் வகைக்குக் கியூபாவின் ஹவானா நல்ல உதாரணம். அங்கே கப்பல் துறையை விட்டு வெளியே வந்து தெருவைக் கடந்தால் பழைய நகரம். சங்கீதமும் கூட்டமும் இரவில்தான் களைகட்டும். 2017 முதல் 2019 வரை எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் ஹவானாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் பயணங்கள் சிலவற்றில் இரவும் அங்கே தங்கியது. 2019 ஜூனில் அமெரிக்க அரசு கியூபாவுக்குச் சுற்றுலாக் கப்பல் போவதைத் தடை செய்ததும் அது நின்றது.

அந்தக் கப்பலை நம்மில் சிலர் பார்த்தே இருப்பீர்கள். 1990-ல் பிரான்சின் செயின்ட் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் உருவானது அது. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நான்கு நாள் பயணம் போய்வருவதற்காகக் கட்டியது. பல பெயர்கள் மாறி, 2021 செப்டம்பரில் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் என்ற பெயரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. மேலே கணக்குக்கு எடுத்துக்கொண்ட 48,563 டன்னேஜ் இதனுடையதுதான்.

அட்லாண்டிக் கடலில் உள்ள பெர்முடா தீவு இன்னொரு வழி கண்டது. அங்கே கப்பல்கள் இரண்டு மூன்று நாள்கூட நிற்கும் வழக்கம் உண்டு. கப்பல்காரர்களுக்கு வருமானம் போகாமல் இருக்க, துறைமுகத்தில் நிற்கும்போதே இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை சூதாட்டக் கூடத்தைத் திறக்கலாம் என்று 2013-ல் சட்டமே இயற்றினார்கள். மேலே சொன்ன மூன்றாவது காரணம் எவ்வளவு பலமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாம் வகைக்கு உதாரணம் நம் மும்பையேதான். உலகம் சுற்றும் வெளிநாட்டுக் கப்பல்கள் இங்கே ஓரிரு இரவு தங்குவது உண்டு. அதற்குள் பயணிகளில் சிலர் விமானம் ஏறி ஆக்ரா போய்த் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். கொச்சியில் தங்கும் கப்பல்களின் பயணிகள் காயலில் படகு வீட்டுக்குப் போவார்கள். அந்தக் காலத்தில் மும்பை பல்லார்டு பியரில் கப்பல் துறையை ஒட்டியே ரயில் நிலையம் இருந்தது. கப்பலில் வந்தவர்களை அங்கேயே ஏற்றிக்கொண்டு பிராண்டியர் மெயில் வடக்கே கிளம்பியதும் உண்டு. இப்போது அதே பல்லார்டு பியர் பகுதியில் 2025 செப்டம்பரில் புதிய பன்னாட்டுச் சுற்றுலாக் கப்பல் முனையம் திறந்திருக்கிறார்கள்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

1. எத்தனை இரவு என்பதைப் பார்க்காதீர்கள், அந்த இரவுகள் எங்கே என்று பாருங்கள். ஊருக்கு வரும் தேதியும் புறப்படும் தேதியும் வேறாக இருந்தால்தான் இரவுத் தங்கல்.

2. வரும் நேரம் என்பது இறங்கும் நேரம் அல்ல. சோதனை, வரிசை எல்லாம் போக ஒன்றிரண்டு மணி கழித்துக்கொள்ளுங்கள். திரும்பும் பக்கத்திலும் அப்படியே. புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாகவே ஏறிவிடச் சொல்வார்கள்.

3. கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, தள்ளி நங்கூரம் போடுமா என்று கேளுங்கள். தள்ளி நின்றால் சிறு படகில்தான் போய்வர வேண்டும். கப்பல் இரவு முழுக்க நின்றாலும் படகு இரவு முழுக்க ஓடும் என்று நம்பிவிடக் கூடாது. முட்டிவலிக்காரர்கள் இதை அவசியம் கேட்க வேண்டும்.

4. துறைமுகத்திலிருந்து ஊர் எவ்வளவு தூரம், இரவில் திரும்ப வண்டி கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஹவானாவில் நடக்கலாம். மர்மகோவாவிலிருந்து பனாஜி 30 கிலோமீட்டருக்குக் குறையாது.

5. வெளிநாட்டுத் துறைமுகமானால் கப்பலின் கடிகாரம் எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மாலத்தீவு நம்மைவிட அரை மணி நேரம் பின்னால்.

6. இரவு கரைக்குப் போனால், இரவு மாத்திரைகளும் கூடவே வர வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, இரவுத் தங்கல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் ஓய்வாக இருந்தால் போதும் என்று போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். நல்ல ஓய்வுதான். ஊரைப் பார்க்க வேண்டும் என்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

நாங்கள் தங்கிய இரவு

2023 பிப்ரவரியில் என் மனைவிக்குக் கடன்பட்ட இரவைத் திருப்பிக் கொடுத்தேன். கப்பலில் அல்ல. நம் புணே ஸ்டேஷனிலேயே கோவா எக்ஸ்பிரஸில் ஏறினோம். மிரஜ், பெல்காம், லோண்டா வழியாக, கேஸில் ராக்கில் மலை இறங்கி, மறுநாள் வண்டியின் கடைசி ஸ்டேஷனான வாஸ்கோவில் இறங்கினோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரண லாட்ஜில் இரண்டு இரவு.

மாமனார் இருந்த குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் வேறு கட்டடம் வந்துவிட்டது. அதன் எதிரில் என் மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தாமோதர் கோயிலுக்குப் போனோம். இந்த முறை உள்ளே போனோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. மணி பார்க்கவும் இல்லை. பிறகு துறைமுகப் பக்கம் நடந்தோம். தூரத்தில் கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. அப்பா சொல்லிக்கொடுத்தபடி விளக்குகளை எண்ண ஆரம்பித்தாள்.

அப்போது உடம்பெல்லாம் விளக்கு எரிய, வெள்ளையாக ஒரு பயணிக் கப்பல் துறையை விட்டு மெல்ல வெளியே போயிற்று. அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாவம்ங்க, இவ்வளவு தூரம் வந்தும் அவங்களுக்கு இதைப் பாக்கக் கொடுத்து வைக்கல" என்றாள்.

ராஸ்தா பேட் அன்பர் தம் பத்துப் பேரோடும் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது பயணம் போவதாக இருந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தாளைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம். படிக்கும் கண்ணாடியை மட்டும் மறந்துவிடாதீர்கள். முக்கியமான விஷயம் எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.