நட்சத்திரத்தைப் பார்க்காதீங்க, நாலு கேள்வி கேளுங்க!

"டேய், தோசை ஆறிப்போகுது, வாடா!"

"ரெண்டே நிமிஷம்மா!"

சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்... எந்தத் தெருவில் நடந்தாலும் ராத்திரி எட்டரை மணிக்கு இந்த வசனம் காதில் விழும். ரெண்டு நிமிஷம் இருபது நிமிஷமாகும். அம்மா கத்த, அப்பா போனைப் பிடுங்க, பையன் கதவை அறைந்து சாத்த... அன்றைய சாப்பாடு அவ்வளவுதான்.

தப்பு யார் மேல்? "எல்லாம் அந்தப் பாழாப்போன கேம் பண்ற வேலை" என்பீர்கள். நானும் வீடியோ கேம் ஆடுகிறவன்தான். அதனால் இதை முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லா ஆட்டமும் ஒரே ரகம் இல்லை. எதை வீட்டுக்குள் விடுவது என்று தேர்ந்தெடுக்கிற இடத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம், பத்துக்கு எத்தனை மார்க் என்று பார்க்கிறோம். விமர்சனம் எழுதுகிறவர் படம் எவ்வளவு தத்ரூபம், கதை எப்படி, கொடுத்த காசுக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று பார்த்து மார்க் போடுகிறார். அது அவர் வேலை. ஓட்டல் விமர்சனம் சாம்பார் ருசியைச் சொல்லும். அந்த உப்பு உங்கள் ரத்தக்கொதிப்புக்கு ஆகுமா என்று சொல்லாது. அதை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சின்னதாக இருப்பது குறையா?

'வெண்பா' என்று ஒரு கேம் இருக்கிறது, தெரியுமா? நம்ம தமிழ்க் குடும்பத்துக் கதை. கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். அம்மா தந்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்வதுதான் ஆட்டம். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதே ஒரு புதிர்! 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் என்ற பரிசு இதற்குக் கிடைத்தது.

ஆனால் இதை ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். ஒரு தமிழ் சினிமாவைவிடச் சின்னது. "கொடுத்த காசுக்கு இவ்வளவுதானா?" என்ற முணுமுணுப்பும் எழுந்தது. விமர்சகர் கணக்கில் அது குறை. குடும்பத்தின் கணக்கில்? ஆடினோம், கண் கலங்கினோம், முடிந்தது, எழுந்து சாப்பிடப் போனோம். ஆரோக்கியத்துக்கு இதைவிட நல்ல குணம் ஒரு ஆட்டத்துக்கு வேண்டுமா?

"இருநூறு மணி நேரம் ஆடலாம்!" என்று விமர்சனம் புகழ்ந்தால், அந்த இருநூறு மணி யாருடைய தூக்கத்திலிருந்து வரப்போகிறது என்று யோசியுங்கள்.

இனி, அந்த நாலு கேள்வி.

1. எங்கே நிறுத்தலாம்?

பி.ஜி.எம்.ஐ. போன்ற ஆட்டத்தில் நூறு பேர் வரை ஒரே நேரத்தில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தால் ஒரு மேட்ச் அரை மணி நேரம் ஓடும். எதிரே இருப்பது நிஜ மனிதர்கள், அதனால் நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. எழுந்து போனால் கூட ஆடும் மூன்று நண்பர்களும் திட்டுவார்கள். பையனின் "ரெண்டு நிமிஷம்" பல நேரம் திமிர் இல்லை, இந்தச் சிக்கல்தான். ஆகவே "இப்பவே வை" என்று பிடுங்காமல், "இந்த மேட்சோட சரி, அடுத்தது கிடையாது" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாப்பாட்டுக்கு முந்தின அரை மணியில் புது மேட்ச் கூடாது என்பதை வீட்டு விதியாக்குங்கள்.

2. எப்போது காசு கேட்கும்?

'இலவசம்' என்ற வார்த்தையைக் கண்டால் உஷார்! ஆட்டம் இலவசம். உள்ளே உடை, துப்பாக்கிக்கு வர்ணம், மர்மப் பெட்டி எல்லாம் காசு. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று திறக்கும்வரை தெரியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் மனசை விடாமல் பிடித்து இழுக்கும். லாட்டரிச் சீட்டின் சூட்சுமமும் இதேதான். காசுக்கு விற்கும் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே 2018-ல் பெல்ஜியம் அறிவித்துவிட்டது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து நம் நாடாளுமன்றம் 2025-ல் சட்டம் இயற்றியது. ஆனால் சட்டம் வந்து உங்கள் போனைக் காவல் காக்காது. யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். போனில் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதீர்கள்.

3. எதிர்ப்பக்கம் யார்?

ஹெட்போனில் பையனோடு பேசுவது பக்கத்துத் தெரு நண்பனா, முகம் தெரியாத ஆளா? கேளுங்கள். தெரியாதவர் என்றால் பேச்சு வசதியை அணைத்துவிடலாம். பள்ளிப் பெயர், வீட்டு விலாசம், போட்டோ எதையும் கொடுக்கக்கூடாது என்று பெண், பிள்ளை இருவருக்கும் சொல்லிவையுங்கள்.

4. எந்த வயசுக்கு?

அமெரிக்காவில் 1994 முதல் ஈ.எஸ்.ஆர்.பி., ஐரோப்பாவில் 2003 முதல் பெகி என்ற அமைப்புகள் வயசு முத்திரை தருகின்றன. பெகி முத்திரையில் 3, 7, 12, 16, 18 என்று எண் இருக்கும். இது ஆட்டம் எவ்வளவு கஷ்டம் என்பதற்கான எண் இல்லை. உள்ளே வன்முறை, ஆபாசம், சூதாட்டம் எவ்வளவு என்பதற்கு. ஜி.டி.ஏ. 5-க்கு பெகி தந்தது 18. அதை ஏழாம் வகுப்புப் பையன் ஆடினால் விமர்சகர் மேல் பழி போட முடியுமா?

உடம்பு என்ன சொல்கிறது?

திரையை உற்றுப் பார்க்கும்போது கண் இமைப்பது குறைகிறது. அதனால்தான் வறட்சி, எரிச்சல். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருப்பதை இருபது விநாடி பாருங்கள். கட்டைவிரல் அடியில் வலித்தால் அன்றைக்கு ஆட்டத்துக்கு லீவு. வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. தெருவில் இடமில்லை என்றால் மொட்டைமாடி இருக்கவே இருக்கிறது. ராத்திரி போனுக்கு ஹாலில்தான் படுக்கை!

இது பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் மிட்டாய் உடைத்துக்கொண்டே இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எப்போது கவலைப்படணும்?

ரொம்ப நேரம் ஆடுகிறான் என்பதாலேயே நோய் என்று முத்திரை குத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் 'கேமிங் கோளாறு' நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு மூன்று அடையாளம். ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாதல், கெடுதல் நடந்தும் விடமுடியாமை. இதனால் படிப்போ வேலையோ உறவோ பெரிதாகப் பாதிக்கப்பட்டு, பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்தால்தான் கோளாறு என்பார்கள்.

அதற்காக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம். தூக்கம் கெட்டு, குளியலும் சாப்பாடும் தவறி, பள்ளிக்குப் போக மறுத்தால் உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

முதல் வைத்தியம் உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பையன் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் கொடுடா" என்று கேட்டு ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள். நாலு கேள்விக்கும் பதில் அரை மணியில் தெரிந்துவிடும்.