கொல்லைப்புறத்துக் கோழிக்கூடு



கோழி வளர்க்க விரும்புவோரிடம் நான் முதலில் கேட்பது, "இரவில் அவை எங்கே அடையும்?" என்பதே. பகலெல்லாம் கொல்லையில் மேய்ந்து தம் வயிற்றைத் தாமே கவனித்துக்கொள்ளும் அவை, இருட்டியபின் கண் தெரியாது தவிக்கும். அப்போது அவற்றின் உயிர் நாம் கட்டிய கூட்டை நம்பியே இருக்கிறது.

அக்கூட்டை எவ்வாறு கட்டலாகாது என்பதை நான் பட்டறிந்தவன். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், குளிரும் கீரியும் அணுகாதபடி நாற்புறமும் பலகையடித்து ஒரு கூடு செய்வித்து, 11 கோழிகளை அடைத்தேன். மார்கழி முடியுமுன் அவற்றின் கண்கள் வீங்கி நீர் வடிந்தன. மூச்சில் கரகரப்பு எழுந்தது. 4 கோழிகள் மடிந்தன. "வகுப்பறைக்குச் சன்னல் போதாதென்று மேலிடத்துக்கு மடல்மேல் மடல் எழுதுகிறீர்கள், இவற்றுக்கு ஒரு சன்னலேனும் வைத்தீர்களா?" என்றாள் என் மனைவி. விடை கூற எனக்கு வாயில்லை.

கோழிக்குச் சிறுநீர் தனியே கழிவதில்லை. எல்லாம் எச்சத்தோடு சேர்ந்தே வெளியேறும். ஈரமான எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்படுத்தும். அதன் உடல் வெப்பமோ நம்முடையதைவிட மிகுதி. ஏறத்தாழ 41 டிகிரி சென்டிகிரேடு. வியர்வைச் சுரப்பியும் அதற்கில்லை. அலகைத் திறந்து இளைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். இறகுப் போர்வை போர்த்த அப்பறவைக்கு நம் சமவெளிக் குளிர் ஒரு பொருட்டன்று. காற்றோட்டமும் உலர்ந்த தரையுமே அதற்கு இன்றியமையாதவை.

10 கோழிகளுக்கு 6 அடி நீளமும் 3½ அடி அகலமும் உள்ள கூடு போதும். நீளம் கிழக்கு மேற்காக அமையட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் தாக்கும் அவ்விரு குறுஞ்சுவர்களை அடைத்துவிடலாம். வடக்கிலும் தெற்கிலும் ஓரடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அதன்மேல் கூரைவரை வலை அடிக்க வேண்டும். கடைகளில் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையையே எடுத்துக் காட்டுவர். அது கோழி வெளியேறாமல் தடுக்குமேயன்றிக் கீரி நுழையாமல் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள கம்பிவலையே வேண்டும். பாம்பையும் அதுவே தடுக்கும். தரை முற்றத்தைவிட ஓரடி உயர்ந்து, செங்கல் பாவியிருந்தால் எலி வளை தோண்டாது. கூரைக்கு நாட்டு ஓடு நன்று. தகரம் சித்திரையில் அடுப்பாகிவிடும். ஐப்பசி அடைமழையின் சாரல் உள்ளே வராதபடி இறவாரம் இரண்டடியேனும் நீண்டிருக்கட்டும்.

கோழியின் மூதாதையான காட்டுக்கோழி மரக்கிளையில் இரவைக் கழிப்பது. அப்பழக்கம் வீட்டுக்கோழியை இன்னும் விடவில்லை. கால் மடங்கியதும் தசைநாண் இழுபட்டு விரல்கள் தாமே கொம்பைப் பற்றிக்கொள்வதால், அது உறங்கினாலும் விழுவதில்லை. இரண்டங்குல அகலமுள்ள சட்டத்தின் விளிம்புகளை மழுக்கி, கோழி ஒன்றுக்கு 8 அங்குலம் என அளந்து பொருத்துங்கள். சட்டங்கள் யாவும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். இல்லையேல் மேலிடத்துக்குப் போட்டி நடக்கும். (அவ்விஷயத்தில் அவை நம்மினும் தாழ்ந்தவையல்ல.) முட்டைப் பெட்டி சட்டத்தினும் தாழ்வாக, சற்று இருண்ட மூலையில் இருக்க வேண்டும், உயரத்தில் வைத்தால் அதிலேயே உறங்கி அசுத்தம் செய்யும். ஓரடிச் சதுரப் பெட்டிகள் இரண்டு போதும்.

தரையில் மூன்றங்குல உயரத்துக்கு உமி பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பாருங்கள்; உருண்டையாகத் திரண்டால் ஈரம் மிகுதி என்று அறிந்து, அதை வாரி எருக்குழியில் கொட்டிப் புதிது பரப்ப வேண்டும். மரச்சந்துகளில் பகலில் ஒளிந்திருந்து இரவில் குருதி குடிக்கும் உண்ணியும் உண்டு. ஆதலின் சந்துகளில் சுண்ணாம்பு பூசுவதை மறவாதீர்கள். வெள்ளைக்கழிச்சலைக் கூடு தடுக்காது. அதற்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கூடு முடிந்த அன்றே கோழிகள் அதை ஏற்றுக்கொள்ளமாட்டா. பழைய முருங்கையைத் தேடிப் போகும். முதல் ஒரு வாரம் தீனியும் நீரும் உள்ளேயே வைத்து அடைத்துப் பழக்குங்கள். பின்னர் ஒரு நாள் காலையில் திறந்துவிட்டு, பொழுது சாயும்போது கதவைத் திறந்துவைத்துச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். ஒவ்வொன்றாகத் தாமே வந்து அடையும்.