சேஸிஸ் ஓட்டப் போகிறீர்களா? முதலில் கணக்கைப் போடுங்கள்!



சேலம் - நாமக்கல் ரோட்டில் கூடே இல்லாத பஸ் ஒன்று போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்ஜின், இரண்டு நீளச் சட்டம், ஆறு டயர், ஒரு ஸ்டியரிங். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலையும் தூசியையும் முகத்தில் வாங்கியபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். கம்பெனி சேஸிஸ் மட்டும்தான் செய்கிறது. பாடி கட்டுவது கரூர் போன்ற ஊர்களில். இந்த இரண்டுக்கும் நடுவில் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்தான் சேஸிஸ் டிரைவர். என் அப்பா செய்யும் வேலை இதுதான். "வேலை கிடைக்கும் வரை நாமும் ஓட்டலாமாடா?" என்று வகுப்பு நண்பர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

லைசென்ஸ்

18 வயதில் நமக்குக் கிடைப்பது கார், ஜீப் போன்ற இலகு ரக வண்டிக்கான லைசென்ஸ்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆக வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் வாங்கவே இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் முடிந்திருக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட்டும் தேவை. ஆகவே, இன்றே இலகு ரக லைசென்ஸ் எடுத்து வைப்பவருக்கு 20 வயதில் வழி திறந்திருக்கும்.

டிரிப் கூலி வேறு, நாள் கூலி வேறு

இதில் மாசச் சம்பளம் அநேகமாகக் கிடையாது, டிரிப்புக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். ஓசூரிலிருந்து கரூர் சுமார் 260 கிலோமீட்டர். கணக்குக்காக டிரிப் கூலி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வரும் பஸ் செலவு நம்முடையது. அதுவும் சாப்பாடும் சேர்த்து 700 போனால் மிச்சம் 1,300. இரண்டு நாளில் முடிந்தால் நாளுக்கு 650. வண்டி எடுக்க வரிசையில் ஒரு நாள், இறக்க ஒரு நாள் என்று காத்துக் கிடந்து நான்கு நாள் ஆனால் நாளுக்கு 325தான்! காத்திருக்கும் நாளுக்குக் கூலி உண்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

டீசலில் மிச்சம் பிடிப்பது

டீசலும் கணக்குப் போட்டுத்தான் தருவார்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 260-க்கு 65 லிட்டர். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு லாபம், கூடுதலாகக் குடித்தால் கைக்காசு. ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. தர்மபுரி தாண்டினால் தொப்பூர் கணவாய் இறக்கம். பல விபத்துகளைப் பார்த்த இடம் அது. அங்கே சிலர் நியூட்ரலில் விடுவார்கள்.

நாம் வகுப்பில் படித்ததை நினைத்துப் பாருங்கள். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் அந்த வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். அடிக்கடி மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும், ஏர் பிரஷரும் இறங்கும். என்ஜினையே ஆஃப் செய்தால் கம்ப்ரெஸர் நிற்கும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். வெறும் சேஸிஸுக்குப் பின் அச்சில் பாரமும் இல்லை. மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளும், மழையில் வழுக்கும். அப்பா சொல்லுவார்: "பத்து லிட்டர் மிச்சம் புடிச்சு என்ன பண்றது கண்ணு, ஆள் ஊடு வந்து சேரோணுமில்ல?"

தூக்கமும் அப்படித்தான். டிரிப் கூலி என்பதால் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி அடுத்த வண்டியைப் பிடிக்கத் தோன்றும். கண்ணாடியும் கதவும் இல்லாத வண்டியில் கண் அசந்தால் டிரைவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லை.

வண்டி எடுக்கும்போது

ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், பேட்டரி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, குறை இருந்தால் டெலிவரி சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருமுறை ஜாக்கி காணோம் என்று அப்பாவின் ஒரு டிரிப் கூலி முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். அது வண்டியில் ஏறவே இல்லை என்று காட்ட அவர் கையில் சீட்டு இல்லை. தற்காலிகப் பதிவு, இன்சூரன்ஸ் பேப்பரும் கையில் இருக்க வேண்டும். தற்காலிகப் பதிவு நம்பர், மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தாக இருக்கும்.

முதல் டிரிப்புக்கு முன்

நண்பர்களே, இது கேவலமான வேலை இல்லை. நம் ஊர் பஸ்கள் பலவும் முதல் பயணம் போவது இவர்கள் கையில்தான். ஆனால் சாவியைத் தொடுவதற்கு முன் ஏஜென்டிடம் நான்கு கேள்வி கேளுங்கள். திரும்பும் செலவு யாருடையது? காத்திருக்கும் நாளுக்கு என்ன? டீசல் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கணக்கு? வழியில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யார் பார்ப்பது? நான்குக்கும் நேரான பதில் வந்தால் வண்டியை எடுங்கள். மழுப்பினால், அடுத்த ஏஜென்டைப் பாருங்கள்!